அணைத்தும் அணையாத ஆம்ப்ளிஃபயர்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிறீர்கள், மாணவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது பேசுங்கள்" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று பேச இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு சின்ன ஐ.சி.யைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

எங்கள் வட்டாரக் கதை உங்களுக்குத் தெரியும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட் நிஸ்ஸான். 2014 நவம்பரில் நோக்கியா ஆலையை மூடினார்கள். இப்போது சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் செய்கிறது. பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் செல்போனோ, கார் ரேடியோவோ, சத்தம் போடுகிற பொருள் எதைத் திறந்தாலும் உள்ளே ஓர் ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. இருக்கும். அதில் சத்தம் வரவில்லை என்றால் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அணைக்கச் சொல்லியும் அணையாமல் இருந்தால்? வெளியே ஒன்றும் தெரியாது. பேட்டரிக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு கணக்குப் போடுவோம். டி.பி.ஏ. 2005 டி 1 என்று டெக்ஸாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் ஐ.சி. ஒன்று உண்டு. பாட்டு இல்லாமல் சும்மா விழித்திருந்தாலே 2.8 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஷட்டவுனில் போட்டால் 0.5 மைக்ரோ ஆம்பியர்தான். அதாவது ஐயாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தூங்க வேண்டிய ஐ.சி. விழித்திருந்தால், 1,000 மில்லி ஆம்பியர் அவர் பேட்டரி பதினைந்தே நாளில் காலி. கார் ரேடியோவில் வரும் டி.டி.ஏ. 7388 இன்னும் பெரிய ஆள். விழித்திருந்தால் சுமார் 190 மில்லி ஆம்பியர். 35 ஆம்பியர் அவர் கார் பேட்டரி எட்டு நாள் தாங்காது. எண்ணூர் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருக்கிற புதுக் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், நம்ம ஆட்கள் முதலில் பேட்டரி கம்பெனியைத்தான் திட்டுவார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தொழிற்சாலையில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஒரு பேட்ச் போர்டுகள் கடைசிச் சோதனையில் விழுந்துகொண்டே இருந்தன. தூங்கும்போது இழுக்கும் கரண்ட் அதிகம். "ஐ.சி. போயிடுச்சு, மாத்து" என்றார்கள். மாற்றினார்கள். சில போர்டு பாஸ் ஆனது, சிலது ஆகவில்லை. பாஸ் ஆனதிலும் சிலது இரண்டு நாள் கழித்துத் திரும்ப விழுந்தது. சோதனை மேசையில் டிப்ளமோ படித்த ஒரு பெண். "நீ புரோபை சரியா வைக்கலை" என்று பழி அவர் மேல் விழுந்தது. அந்தப் பெண் மட்டும் விடாமல் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்: "சார், போர்டு கிட்ட கை போனாலே ரீடிங் மாறுது." யாரும் காதில் வாங்கவில்லை.

நண்பர்களே, அந்த ஒரு வரியில் விடை இருந்தது. கை கிட்டப் போனால் ரீடிங் மாறுகிறது என்றால், ஏதோ ஒரு கால் எதிலும் பிடிப்பில்லாமல் அந்தரத்தில் தொங்குகிறது என்று அர்த்தம். அந்த ஐ.சி.யின் ஷட்டவுன் கால் பூஜ்யம் வோல்ட்டில் இருந்தால்தான் அது தூங்கும். பிராசஸர் விழித்திருக்கும்வரை அந்தக் காலைப் பிடித்து வைத்திருந்தது. பிராசஸரே தூங்கப் போனபோது கையை விட்டுவிட்டது. கசிவுக் கரண்ட், ஈரப்பதம், பக்கத்தில் உள்ள கை, எது இழுத்தாலும் கால் அந்தப் பக்கம் போனது. நல்ல ஐ.சி.க்களைத்தான் கழற்றிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். காலிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்ததும் தொல்லை தீர்ந்தது. அணைப்பது என்றால் சும்மா விட்டுவிடுவது இல்லை. அதையும் ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே தம்பி தங்கைகளே, சோல்டரிங் அயனை எடுப்பதற்கு முன்னால் வரிசையாகச் சில வேலை செய்யுங்கள்.

முதலில் டேட்டாஷீட். எந்த நிலையில் தூங்கும் என்று பாருங்கள். எல்.எம். 4871-ல் ஷட்டவுன் காலுக்கு வோல்டேஜ் கொடுத்தால் தூங்கும், எல்.எம். 4890-ல் கிரவுண்ட் கொடுத்தால்தான் தூங்கும். ஒரே வீட்டுப் பிள்ளைகள், குணம் நேர் எதிர். நீங்கள் புராஜெக்டில் போடுகிற மேக்ஸ் 98357 ஏ இன்னும் வேடிக்கை. கால் வோல்டேஜ் சுமார் 0.16-க்குக் கீழே போனால்தான் தூங்கும். அதற்கு மேலே இருந்தால் இடதா, வலதா, இரண்டும் கலந்தா என்று சேனல் தேர்ந்தெடுக்க அதே காலைத்தான் பயன்படுத்தும். 'கிட்டத்தட்ட பூஜ்யம்' போதாது.

இரண்டாவது, வோல்டேஜை ஐ.சி.யின் காலிலேயே அளங்கள். பிராசஸர் பக்கம் அளந்து திருப்திப்படாதீர்கள். நடுவில் டிரை சோல்டர் இருக்கலாம்.

மூன்றாவதுதான் முக்கியமான சோதனை. பிராசஸரிலிருந்து வரும் இணைப்பைத் துண்டியுங்கள். துண்டிக்காமல் செய்தால் பிராசஸர் அவுட்புட் ஷார்ட் ஆகும், ஜாக்கிரதை. பிறகு ஷட்டவுன் காலை ஒரு ஒயரால் தூங்க வேண்டிய நிலையில் நேரடியாகக் கட்டுங்கள். கரண்ட் விழுந்துவிட்டால் ஐ.சி. நல்லது, குற்றவாளி வெளியே இருக்கிறான்.

அப்போதும் விழவில்லையா? ஐ.சி.யின் சப்ளையையே வெட்டுகிற சர்க்யூட் என்றால், வெட்டிய பிறகு சப்ளை காலை அளந்து பாருங்கள். 1, 2 வோல்ட் நின்றால், ஏதோ ஒரு சிக்னல் கால் வழியாக உள்ளே இருக்கும் பாதுகாப்பு டயோடைக் கடந்து கரண்ட் பின்வாசலால் நுழைகிறது. அடுத்து, போர்டில் ஃப்ளக்ஸ் கறை இருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் கழுவுங்கள். சப்ளையில் உள்ள கெபாசிட்டர் கசிகிறதா என்று பாருங்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் ஐ.சி.யைக் கழற்றி ஒரு நல்ல போர்டில் போட வேண்டும். கோளாறு கூடவே போனால் ஐ.சி. கெட்டது, பழைய போர்டிலேயே நின்றால் போர்டு கெட்டது.

அளப்பதிலும் ஒரு சூட்சுமம். மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சில் போட்டால், ஐ.சி. விழிக்கிற நேரத்தில் மீட்டரே வோல்டேஜைத் தின்றுவிடும். சப்ளையில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்து, அதன் குறுக்கே ஒரு ஒயரைப் போட்டு வையுங்கள். ஐ.சி. தூங்கியதும் சில விநாடி பொறுத்து ஒயரை எடுங்கள். ரெசிஸ்டரில் 1 மில்லி வோல்ட் என்றால் 1 மைக்ரோ ஆம்பியர். மேசையிலேயே கணக்கு முடிந்தது.

ஐ.சி. மாற்ற ஒரு வாரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். எதற்காக மாற்றுகிறோம் என்று கேட்கிறவருக்குத்தான் எங்கள் பக்கம் ஆள் தட்டுப்பாடு. நாளைக்கு உங்களில் பலர் சூப்பர்வைசராக, இன்ஜினியராக அங்கே வருவீர்கள். சோதனை மேசையில் இருக்கிற பிள்ளை "ரீடிங் மாறுது சார்" என்று சொன்னால், அவர் சர்டிஃபிகேட்டைப் பார்க்காமல் மீட்டரைப் பாருங்கள். அந்தப் பேட்ச்சில் குப்பைக்குப் போன நல்ல ஐ.சி.க்களுக்கும், அந்தப் பெண் கேட்ட திட்டுக்கும், யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை.

விரும்புகிற மாணவர்கள் சாப்பாடு முடிந்ததும் லேபுக்கு வாருங்கள். இரண்டு போர்டும் ஒரு மல்டிமீட்டரும் கொண்டுவந்திருக்கிறேன்.