பேரிங் அடிக்கடி போகுதா? ஃபிட்டரைத் திட்டுறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க

இன்னைக்கு எபிசோடுல, வி.எஃப்.டி. டிரைவ்ல ஓடுற மோட்டார்களோட ஒரு தலைவலியைப் பத்திப் பேசலாம்.

பல ஆலைகள்ல இது நடக்குது. நேரடி சப்ளையில வருஷக்கணக்கா ஓடின மோட்டார். கரண்ட் மிச்சமாகும்னு டிரைவ் போடுறாங்க. சில மாசத்துல பேரிங் கரகரன்னு சத்தம் போடுது. புதுசு போட்டாலும் அதே கதை. கடைசியில, கிரீஸ் சரியா வைக்கலைன்னு பழி ஃபிட்டர் தலையில விழுது. ஆனா காரணம் மின்சாரமா இருக்கலாம்.

எப்படி? லைன்ல வர்ற மூணு ஃபேஸ் வோல்டேஜையும் எந்தக் கணத்துல கூட்டினாலும் பூஜ்யம்தான். இன்வெர்ட்டர்ல அப்படி இல்லை. 415 வோல்ட் சப்ளையை டி.சி. ஆக்கினா சுமார் 585 வோல்ட். ஒவ்வொரு ஃபேஸும் அந்த டி.சி.யோட பிளஸ் பக்கமோ மைனஸ் பக்கமோதான் இருக்க முடியும். மூணு பேர் ரெண்டு பக்கமா சமமாப் பிரிய முடியாதே! அந்த மிச்சம்தான் காமன் மோட் வோல்டேஜ். மூணும் ஒரே பக்கம் இருந்தா இது டி.சி.யில பாதி, சுமார் 290 வோல்ட். ரெண்டு, ஒண்ணுன்னு பிரிஞ்சா ஆறில் ஒரு பங்கு, சுமார் 98 வோல்ட்.

இதுல ஒரு சிறு பங்கு, வைண்டிங்குக்கும் ரோட்டருக்கும் நடுவுல உள்ள கெபாசிட்டன்ஸ் வழியா ஷாஃப்ட்டுல ஏறுது. பேரிங்குக்குள்ள கிரீஸ் படலம் ரொம்ப மெல்லிசு. தாங்குற வரைக்கும் தாங்கும். அப்புறம் பொறி தெறிக்கும். ஒவ்வொரு பொறிக்கும் ஒரு நுண்ணிய குழி. நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவைகூட நடக்கலாம்.

இதைக் குறைக்க மூணு இடத்துல கை வைக்கலாம்.

முதல்ல டிரைவ். மூணு ஃபேஸும் ஒரே பக்கம் போகாத மாதிரி ஸ்விட்சிங் முறையை மாத்தினா, உச்ச அளவு மூணில் ஒரு பங்கா இறங்கும். ஆனா கரண்ட்ல ரிப்பிள் கூடும். கேரியர் ஃப்ரீக்வென்சியைக் குறைச்சாலும் பொறிகளோட எண்ணிக்கை குறையும். மோட்டார் சத்தம் கூடும்.

அடுத்தது வழி. ஷீல்டு கேபிள் போட்டு, ரெண்டு முனையிலும் ஷீல்டை முழு வட்டமா எர்த் பண்ணணும். டிவி-டிடி ஃபில்டர் முக்கியமா வைண்டிங் இன்சுலேஷனைக் காக்கத்தான். அதை மட்டும் நம்பி பேரிங்கை விட்டுடாதீங்க. அதுக்குக் காமன் மோட் ஃபில்டர் வேணும்.

மூணாவது மோட்டார். ஷாஃப்ட் கிரவுண்டிங் ரிங் போட்டா, மின்சாரம் பேரிங்கை விட்டுட்டு சுலபமான வழியில எர்த்துக்குப் போயிடும். பெரிய மோட்டார்ல ஃபேன் பக்கம் இன்சுலேட்டட் பேரிங்கும் சேர்த்துப் போடுவாங்க. ரெண்டு பக்கமும் இன்சுலேட் பண்ணிட்டு ஷாஃப்ட்டை எர்த் பண்ணாம விட்டா, கப்ளிங் வழியா பம்ப்போட பேரிங்கைத் தேடிப் போகும், ஜாக்கிரதை.

அடுத்த தடவை பேரிங் போனா, குப்பையில போடாம வெட்டிப் பாருங்க. ரேஸ்ல துணி துவைக்கிற பலகை மாதிரி வரிவரியா இருந்தா, முதல்ல டிரைவையும் எர்த்தையும் சோதிங்க. ஃபிட்டரைக் கூப்பிடுங்க, திட்டுறதுக்கு இல்லை, கூட நின்னு பார்க்குறதுக்கு.