மற்றவை நேரில்



இந்தியாவில் அஞ்சலட்டை 1879-ஆம் ஆண்டில் வழக்கத்துக்கு வந்தது. அப்போது அதன் விலை காலணா. வானம் பார்த்த பூமியாகிய காரியாபட்டி வட்டாரத்திலிருந்து மதுரைக்கும் சிவகாசிக்கும் பிழைப்புத் தேடிப் போனவர்கள் நெடுங்காலம் வீட்டோடு உறவாடியது இந்த அட்டையின் வாயிலாகத்தான். ‘இவ்விடம் யாவரும் நலம்’ என்று தொடங்குவார்கள். மழை பெய்ததா என்று கேட்பார்கள். முடிவில் ‘மற்றவை நேரில்’ என்று கையெழுத்திடுவார்கள்.

அந்த ‘மற்றவை’ யாவை? கடன்காரன் வந்து நின்றது, மகளுக்குப் புகுந்த வீட்டில் நேர்ந்த துன்பம், முதலாளியோடு மூண்ட மனத்தாங்கல் ஆகியவைதாம். அட்டைக்கு உறை கிடையாது. தபால் நிலையத்திலும் வழியிலும் யாரும் படிக்கலாம்; வீட்டில் எழுத்தறிந்தவர் இல்லையெனில் அடுத்த வீட்டுப் பையன் உரக்கப் படித்துக் காட்டுவான். ஆகவே எழுதுகிறவர் கையே சொற்களை வெட்டிவிடும். எந்த அரசாங்கமும் அதற்கு உத்தரவிடவில்லை. பிறர் கண்ணுக்குத் திறந்து கிடக்கும் இடத்தில் மனிதன் தன் சொல்லைத் தானே குறுக்கிக் கொள்கிறான். இதனையே சுயதணிக்கை என்கிறோம். அந்தரங்கம் இல்லாமையும் சுயதணிக்கையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

வெளியிலிருந்து வரும் தணிக்கைக்கு உருவம் உண்டு. 1878-இல் லிட்டன் பிரபு இந்திய மொழிப் பத்திரிகைகளை அடக்கச் சட்டம் இயற்றியபோது, வங்காளத்து ‘அமிர்த பஜார் பத்திரிகை’ ஆங்கில ஏடாக மாறி அச்சட்டத்தின் பிடியிலிருந்து தப்பியது. 1975-இல் நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டபோது, சில பத்திரிகைகள் தலையங்கப் பகுதியை வெற்றிடமாகவே விட்டு வெளிவந்தன. எழுத்து ஒன்று வெட்டுண்டது என்பதை வாசகர் அந்த வெள்ளைக் காகிதத்தைக் கண்டே அறிந்தனர். தானே வெட்டிக் கொண்டவன் வெற்றிடம் விடுவதில்லை. எழுதப்படாத வரியைக் காட்டுவதற்கு எந்தச் சாட்சியும் இல்லை.

நம் தமிழகத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. எழுத்தாளர் பெருமாள்முருகன் எழுதிய ‘மாதொருபாகன்’ என்னும் நாவல் 2010-இல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் கழித்துத் திருச்செங்கோட்டில் அதற்கு எதிர்ப்பு மூண்டது. 2015 ஜனவரி 12-ஆம் நாள் நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் அவர் மன்னிப்புக் கோரிக் கையொப்பமிட்டார். பின்னர், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று தாமே அறிவித்தார். அரசாங்கம் அந்நூலுக்குத் தடை விதிக்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 2016 ஜூலை 5-ஆம் நாள், அந்தக் கூட்டத்து உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் மீண்டும் எழுதவும் தொடங்கினார். ஆயினும் அவ்வாண்டு ஆகஸ்டில் தில்லியில் பேசியபோது, தமக்குள் ஒரு தணிக்கையாளன் வந்து உட்கார்ந்துவிட்டான் என்று சொன்னார். வெளியே இருந்த தடையை நீதிமன்றம் அகற்றிற்று. உள்ளே உட்கார்ந்தவனை எழுப்பி அனுப்ப எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரமி பெந்தாம் என்னும் ஆங்கில அறிஞர் ஒரு சிறைச்சாலைக்குத் திட்டம் வகுத்தார். நடுவே ஒரு கோபுரம்; சுற்றிலும் அறைகள். காவலன் கைதிகள் எல்லோரையும் காணலாம். காவலனைக் கைதி காண முடியாது. எந்த நேரம் பார்க்கிறான் என்பது தெரியாமையால் கைதி எந்நேரமும் ஒழுங்காக இருப்பான் என்பது அவர் கணக்கு. அந்தக் கைதியேனும் பிடித்துக்கொண்டு வரப்பட்டவன். நாமோ கைப்பேசி வாங்கிய அன்றைக்கே கோபுரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறப்படுகிறோம். சந்தையில் கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வாங்குகிற நாம், நீண்ட நிபந்தனைகளில் ஒரு வரியும் படியாமல் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற இடத்தில் விரலை வைத்துவிடுகிறோம்.

கிராமத்தில் அந்தரங்கம் என்று ஒன்று எப்போது இருந்தது என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. காரியாபட்டியில் ஒரு தெருவில் நடந்தது மறுநாள் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடைக்கு வந்துவிடும். ஆனால் அங்கே என்னை அறிந்தவனை நானும் அறிவேன். அவன் வீட்டுச் சங்கதி எனக்கும் தெரியும். நாலு மாதம் போனால் ஊர் மறந்தும் விடும். இன்று நம்மைக் குறித்து வைப்பவரை நாம் கண்டதில்லை. குறித்து வைக்கும் கருவிக்கோ மறதி என்பது இல்லை.

கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று முடிவு கூறினர். அரசாங்கம் கை நீட்டும்போது அத்தீர்ப்பு நமக்குக் கேடயம். நாமே வலியக் கொண்டுபோய்க் கொடுப்பதை அது எங்ஙனம் தடுக்கும்? ‘மறைப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது?’ என்று சொல்கிற மாணவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கவில்லை. கைவிளக்குக்காக ஒரு செயலியை இறக்குகிறீர்கள், அது உங்கள் தொலைபேசிப் பட்டியலைக் கேட்கிறது, கொடுத்துவிடுகிறீர்கள். அந்தப் பட்டியலில் இருப்பது உங்கள் எண்ணா? அத்தையின் எண், ஆசிரியர் எண், உங்களை நம்பித் தன் எண்ணைத் தந்த தோழியின் எண். அவர்களுக்கு மறைக்க ஒன்றுமில்லை என்று சொல்ல உங்களுக்கு யார் உரிமை தந்தார்கள்?

2023-இல் நாடாளுமன்றம் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் விரும்பிய ஒன்றில் படிக்க வழிசெய்கிறது. தமிழ் அவற்றுள் ஒன்று. கொடுத்த இசைவைத் திரும்பப் பெறவும் அச்சட்டத்தில் இடம் உண்டு.