பைலட் ஆக ஒரு மாமன் வேணும்

"கப்பல்ல கேப்டன் இருக்காரே, அவர் எழுதாத பரீட்சையா? துறைமுகத்துக்குள்ள வர தனியா ஒரு பைலட் எதுக்கு?" நேயர் ஒருத்தர் கேட்டிருக்கார். கூடவே ஒரு வால் கேள்வி: "பரீட்சை பாஸ் பண்ணிட்டா யார் வேணும்னாலும் அந்த பைலட் ஆயிடலாமா?"

முதல் கேள்வியைச் சட்டுனு முடிச்சிடறேன். கேப்டனுக்குக் கப்பல் தெரியும், இந்த ஊர்த் தண்ணி தெரியாது. எங்க மணல் மேடு தட்டும், எந்த வளைவுல நீரோட்டம் இழுக்கும்னு உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். அதான் பைலட் சின்னப் படகுல போய், ஓடிட்டிருக்கிற கப்பல் பக்கவாட்டுல தொங்குற கயித்தேணியைப் பிடிச்சு ஏறுறார். கப்பல் அவருக்காக நிக்காது. கால் வழுக்கினா கீழ கடல், பக்கத்துல இரும்புச் சுவர்.

இது புதுசும் இல்ல. முதலாம் நூற்றாண்டுல எழுதின 'எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ்'ங்கிற புத்தகம் நம்ம குஜராத் பரூச்சைப் பத்திச் சொல்லுது: ராஜாவோட சம்பளத்துல இருந்த மீனவங்க படகுல எதிர்ல போய், வெளிநாட்டுக் கப்பல்களை நர்மதை முகத்துவாரத்துக்குள்ள கூட்டிட்டு வந்தாங்களாம். இங்கிலாந்துல 1514ல எட்டாம் ஹென்றி, டிரினிட்டி ஹவுஸ்னு ஒரு மாலுமிகள் சங்கத்துக்கு, பைலட் வேலையை ஒழுங்குபடுத்தச் சொல்லிச் சாசனம் கொடுத்தார். அமெரிக்காவுல 1789ல முதல் காங்கிரஸே 'பைலட் சமாச்சாரத்தை அந்தந்த மாநிலம் பாத்துக்கட்டும்'னு விட்டுடுச்சு. இந்த முடிவை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. வினை அங்கதான் ஆரம்பிக்குது.

அங்க ரெண்டு வழி. உள்நாட்டுக் கப்பலுக்கு மத்திய அரசு லைசென்ஸ். அந்தப் பரீட்சையில ஒரு கட்டம் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிக்கும்: போகிற வழியோட வரைபடத்தைப் பாக்காம வரையணும். கரைக்கோடு, மிதவை, விளக்கு, ஆழம், எல்லாம் மனப்பாடமா. வெளிநாட்டுக் கப்பல்னா மாநில அரசு நியமிச்ச பைலட்தான் ஏறணும்.

நடுவுல ஒரு சின்னக் கதை. மார்க் ட்வைன் எழுத்தாளர் ஆகுறதுக்கு முன்னாடி மிசிசிப்பி நதியில பைலட். 1859ல லைசென்ஸ் வாங்கினார். அந்தப் புனைபெயரே ஆழம் பாக்குறவர் போடுற சத்தம்தான்: ரெண்டு பாகம், அதாவது 12 அடி தண்ணி இருக்கு, போகலாம்னு அர்த்தம். தொழில் கத்துக் கொடுத்த பிக்ஸ்பி சொந்தக்காரர் இல்ல. 500 டாலர் பேசித்தான் சேர்த்துக்கிட்டார். முன்பணம் 100 டாலரை அக்கா வீட்டுக்காரர்கிட்ட கடன் வாங்கினார். சொந்தபந்தம் உதவினது அவ்வளவுதான்.

இப்ப அதே நதி, லூசியானா மாநிலம். நியூ ஆர்லியன்ஸ் துறைமுகம் கடல்ல இருந்து சுமார் 160 கிலோமீட்டர் உள்ளே. 1947 வாக்குல அங்க மாநில பைலட் ஆகணும்னா, ஏற்கெனவே இருக்கிற பைலட்டுகள்கிட்ட ஆறு மாசம் அப்ரண்டிஸா இருக்கணும்னு சட்டம் இருந்துச்சு. யாரை அப்ரண்டிஸா எடுக்கிறதுங்கிறது அந்த பைலட்டுகளோட இஷ்டமா இருந்துச்சு. தகுதி பாக்குற போர்டுல உக்காந்திருந்ததும் பைலட்டுகள்தான். சாமி வரம் கொடுக்கிறதுக்கு முன்னாடியே பூசாரி கதவைச் சாத்திட்டார். எப்பவாவது ஒண்ணு ரெண்டு தவிர, எடுத்ததெல்லாம் சொந்தக்காரங்களும் சிநேகிதங்களும்தான்.

கோட்ச்னு ஒருத்தரும் அவர் கூட இருந்தவங்களும் வழக்குப் போட்டாங்க. அவங்க யாரு? ஒருத்தரைத் தவிர எல்லாரும் குறைஞ்சது 15 வருஷம் மாநிலச் சட்டத்துக்குள்ள வராத கப்பல்களை ஓட்டினவங்க, அதுவும் அந்த நதியில, அந்தத் துறைமுகத்துல. சட்டம் கேட்ட மத்த எல்லாத் தகுதியும் இருந்துச்சு. இல்லாதது அந்த ஆறு மாசம். உங்களை யாரும் கூப்பிடவே மாட்டேன்னா, அந்த ஆறு மாசம் எங்கேருந்து வரும்?

1947ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு: தப்பில்லை! பெரும்பான்மைக்காக எழுதினவர் நீதிபதி பிளாக். பைலட் தொழில் தனி ரகம், பைலட் குடும்பத்துப் பிள்ளை சின்ன வயசுலேருந்து நதியைக் கேட்டு வளருது, கூட்டாளிகளுக்குள்ள ஒட்டுறவு இருந்தா கப்பலுக்கும் பாதுகாப்புங்கிறது வாதம். அதுல கொஞ்சம் உண்மை இருக்கு, மறுக்கல. ஆனா 15 வருஷம் ஓட்டினவருக்குத் தெரியாத எதை, பைலட்டோட மச்சான் ஆறு மாசத்துல கத்துக்கப் போறார்? நதிக்குள்ள கிடக்குற மணல் திட்டு என்ன, சொந்தம் பாத்தா ஒதுங்கும்?

நீதிபதி ரட்லெஜ் மறுப்புத் தீர்ப்பு எழுதினார். இனத்தைக் காட்டி ஒதுக்கியிருந்தா இந்த ஏற்பாடு ஒரு நிமிஷம் நிக்காது, ரத்த உறவைக் காட்டி ஒதுக்கினா மட்டும் எப்படி நிக்கும்னு கேட்டார். அவர் பக்கம் இன்னும் மூணு பேர் நின்னாங்க.

அதனால வால் கேள்வி கேட்ட நண்பரே, பரீட்சையை யார் நடத்துறாங்கன்னு கேக்குறதுக்கு முன்னாடி, பரீட்சை ஹாலுக்குள்ள யாரை விடுறாங்கன்னு கேளுங்க. கோட்ச் தோத்தது 5க்கு 4ல, ஒரே ஒரு ஓட்டுல. அந்தத் தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னிக்கு வரைக்கும் ரத்து பண்ணல.