கொடையா, கூலியா?

(ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் நடந்த தமிழ்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கு வரும் வழியில், பணியோய்வு பெற்ற நண்பர் ஒருவர் தம் கையிலிருந்த தாளொன்றைக் காட்டினார். முப்பதாண்டு உழைப்பிற்குப் பின் அவருக்கு வரவேண்டிய தொகைகள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று ‘கிராச்சுவிட்டி’. அதற்கு நேராகத் தமிழில் ‘பணிக்கொடை’. “ஐயா, இதை எனக்குக் கொடையாகக் கொடுத்த வள்ளல் யார்? நான் உழைத்ததற்குத்தானே வருகிறது?” என்று கேட்டார். எழுதி எடுத்து வந்த உரையை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அவர் கேள்வி அதனினும் பெரிது.

கிராச்சுவிட்டி இலத்தீனத்தில் வேர்கொண்ட சொல். ‘கிராத்துசு’ எனின் உவப்பானது. ‘கிராத்தியா’ எனின் அருள். விலையின்றிக் கிடைப்பதைக் ‘கிராட்டிசு’ என்று ஆங்கிலேயர் சொல்வதும் இவ்வழி வந்ததே. ஆகவே அச்சொல்லின் உள்ளே இருப்பது, ஒருவர் மனம் உவந்து அளிக்கும் அன்பளிப்பு. ஆனால் சட்டம் என்ன சொல்லிற்று? 1972இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், 5 ஆண்டு இடையறாது பணிசெய்து விலகுவோர்க்கு, நிறைவுற்ற ஒவ்வோர் ஆண்டிற்கும் 15 நாள் ஊதியம் என்று கணக்கிட்டுத் தரவேண்டும் என்றது. தராதவர்க்குத் தண்டமும் வைத்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அவ்வுரிமையை விட்டுவிடவில்லை. தராவிட்டால் தண்டனை உண்டு என்னும்போது அது கொடை எப்படி ஆகும்? ஆங்கிலச் சொல் பிழைபட்டது. நம் பெயர்ப்பாளர் அப்பிழையைப் பொருள் மாறாமல் பெயர்த்துத் தந்துவிட்டார்!

இப்பிழை ஒரு சொல்லோடு நிற்பதன்று. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின், ஆள்வோர் மொழியாகிய பிரெஞ்சின் வழியே இலத்தீனச் சொற்கள் அங்கு வெள்ளம்போல் புகுந்தன. அதற்கு முன் கொடையுள்ளம் படைத்தவனைக் குறிக்க ஆங்கிலேயர்க்கு ‘உரூம்கெயோர்ட்’ என்றொரு சொந்தச் சொல் இருந்தது. இடம் அகன்ற நெஞ்சினன் என்பது அதன் பொருள். எவ்வளவு அழகிய சொல்! அது வழக்கிழந்து மாண்டது. இன்று அவ்விடத்தில் இருக்கும் ‘செனரசு’ என்பதோ, குலத்தைக் குறிக்கும் ‘கெனுசு’ என்னும் இலத்தீனச் சொல்லின் வழிவந்தது. உயர்குடியிற் பிறந்தவன் என்பதே அதன் முதற்பொருள். கொடுப்பவன் என்னும் பொருள் பிந்தி வந்தது. ‘லிபரல்’ என்பதும் அவ்வாறே, அடிமையல்லாதவனுக்கு உரியது என்னும் பொருளது. நெஞ்சைப் பார்த்த சொல் போய்ப் பிறப்பைப் பார்த்த சொல் வந்தது. “ஆங்கிலம் கடன் வாங்கி வளரவில்லையா?” என்று நம்மிடம் கேட்போர், அது எதை இழந்து வளர்ந்தது என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

நம்மிடம் ஏற்றத்தாழ்வே இல்லை என்று நான் மார்தட்ட மாட்டேன். தொல்காப்பியர் எச்சவியலில் ஈ, தா, கொடு என மூன்று சொற்களைப் பிரித்துரைக்கிறார். தாழ்ந்தோன் இரக்கும்போது ஈ என்பான். ஒத்தவன் தா என்பான். உயர்ந்தோன் கொடு என்பான். படிநிலை இருந்தது உண்மை. ஆனால் வள்ளுவர் வந்து ஈகைக்கு வேறோர் எல்லைக்கல் நட்டார். இல்லாதவர்க்குத் தருவதே ஈகை, மற்றவையெல்லாம் திரும்ப வரும் என்று பார்த்துத் தருவன என்றார். இந்த அளவுகோலால் அளந்தால், உழைப்பை வாங்கிக்கொண்டு தரும் பணம் எந்நாளும் ஈகை ஆகாது. அதற்கு அவர் வைத்த சொல் வேறு. ஆள்வினையுடைமையில், மெய்வருந்தி முயன்றவன் பெறுவதைக் கூலி என்கிறார். தெய்வத்தால் ஆகாதபோதும் வருவது அக்கூலி. பின்னாளில் வெள்ளையர் அதே ஒலியில் மலையகத் தோட்டத்திலும் மலேயாவிலும் நம் மக்களையே ‘கூலி’ என்று பெயரிட்டு அழைத்தது வேறு கதை. அதை இன்று தொட்டால் விடிந்துவிடும்.

‘சாலரி’ என்பது உப்பைக் குறிக்கும் ‘சால்’ என்பதன் வழிவந்தது. உரோமப் படைஞர்க்கு உப்பையே கூலியாக அளந்தனர் என்று கதைப்பர். அதற்கு உறுதியான சான்றில்லை. சொல் உப்பிற் பிறந்தது என்பது மட்டும் உறுதி. நம் ‘சம்பளம்’ என்பதைச் சம்பு என்னும் நெல்லும் அளம் என்னும் உப்பும் சேர்ந்ததென்றார் மொழிஞாயிறு பாவாணர். வடசொல் என்பாரும் உளர். எப்படியாயினும், நெல்லுக்கு உப்பை மாற்றிய வாழ்வு இம்மண்ணினது என்பதற்கு அகநானூற்று உமணர் மகளே சான்று. இதில் எனக்குள்ள வருத்தம் வேறு. உழைத்தவன் வாங்கிய உப்பு, நாளடைவில் ‘உப்பைத் தின்றவன்’ என்று அவனையே நன்றிக்கடன்பட்டவனாக்கும் பேச்சாக மாறிற்று. படியும் அவ்வாறே. களத்துமேட்டில் நெல்லளந்த படிதான் இன்று பயணப்படியாகவும் அகவிலைப்படியாகவும் நிற்கிறது. அளந்தவனோ ‘படியளக்கும் ஆண்டவன்’ ஆகிவிட்டான். அறுத்தவள் நெல்லை அறுத்தவளுக்கு அளப்பதில் ஆண்டவனுக்கு என்ன வேலை?

ஒன்றில் மட்டும் இலத்தீனமும் தமிழும் வியப்புற ஒத்துப் போகின்றன. ‘தெபேரே’ என்னும் ஒரே வினையின் வழியில் ஆங்கிலத்தில் கடனுக்குரிய சொல்லும் கடமைக்குரிய ‘டூட்டி’ என்னும் சொல்லும் வந்தன; அந்த டூட்டியே துறைமுகத்தில் வரியையும் குறிக்கும். தமிழில் கடன் என்பது வாங்கியதும் ஆகும், செய்யவேண்டியதும் ஆகும். சோழர் கல்வெட்டுகளில் கடமை என்பது நிலவரி. எங்கோ இருந்த இரு மக்கள், தரவேண்டியதும் செய்யவேண்டியதும் ஒன்றே என்று கண்டிருக்கின்றனர்!

இனி நண்பர் கேள்விக்கு வருகிறேன். ‘பென்சன்’ என்பது ‘பெண்டெரே’, அதாவது நிறுத்தல், என்னும் வினையிலிருந்து வந்தது. தொடக்கத்தில் உரோமர் வெண்கலத்தை நிறுத்தே கடன் தீர்த்தனர். நிறுத்துத் தருவது அருளன்று, கணக்கு. அதைத் தமிழில் ஆக்கியவர் ‘ஓய்வூதியம்’ என்றார். ஊதியம் என்ற சொல்லிலேயே உரிமை நிற்கிறது. 1982 திசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் இந்திய உச்சநீதிமன்றமும் ஓய்வூதியம் அருளிக் கொடுக்கும் பரிசன்று, உரிமையே என்று தீர்ப்புரைத்தது. ஒரே தாளில் மேல்வரியில் ஓய்வூதியம், கீழ்வரியில் பணிக்கொடை! மேல்வரியில் உழைப்பாளி, கீழ்வரியில் இரவலன்.

ஆகவே கிராச்சுவிட்டிக்குப் ‘பணிநிறைவூதியம்’ என்று சொல்லுங்கள். இதனினும் நல்ல சொல் உங்களில் எவரேனும் ஆக்கித் தந்தால் என் சொல்லைக் கைவிட அணியமாயிருக்கிறேன். ‘பணிக்கடன்’ என்று முதலில் எண்ணினேன். வங்கியில் வாங்கிய கடன் என்று மயங்குவர் என்பதால் விட்டேன்.

நண்பர் அந்தத் தாளின் படியில் பணிக்கொடை என்பதை அடித்து, மேலே பணிநிறைவூதியம் என எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்துள்ளேன். அதை நாளை அவர் அலுவலகத்தில் கொடுக்கப் போகிறார். அங்குள்ளோர் வாங்கிக்கொண்டார்களா, திருப்பி நீட்டினார்களா என்பதை அடுத்த கூட்டத்தில் அவரே இங்கு நின்று சொல்வார்.