எல்லையில் நிற்கும் இரத்த அழுத்தம்



தேர்வு மண்டபத்தில் வினாத்தாள் கைக்கு வருமுன் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், நா வறளும். இதனை அறியாத மாணவர் எவரும் இரார். அந்தக் கணத்தில் உங்கள் புயத்தில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தத்தை அளந்தால், அது வழக்கத்தினும் மிகுந்தே காட்டும். அதனால் உங்களை நோயாளி என்று எவரும் சொல்லமாட்டார். தேர்வு முடிந்து, தோழர்களோடு சற்று நேரம் பேசிச் சிரித்தால் அளவு தானே இறங்கிவிடும். ஆனால் ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்கு மருத்துவர் முன்னிலையில் இதே படபடப்பு நேர்ந்தால், கருவி காட்டும் எண் நோயைக் காட்டுகிறதா, அச்சத்தைக் காட்டுகிறதா, இரண்டையுமா என்று பிரித்தறிவது எளிதன்று. அவர் உடலும் சற்றுப் பருத்திருந்தால் சிக்கல் இன்னும் கூடும். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இந்தச் சிக்கலைப் பற்றியே. நான் மருத்துவன் அல்லன்; பள்ளி ஆசிரியனாயிருந்து ஓய்வு பெற்றவன். எனினும் என் நெருங்கிய நண்பர் ஒருவர் இதில் அகப்பட்டுத் தவித்ததை அருகிருந்து கண்டவன்.

இரத்தம் தான் ஓடும் குழாயின் சுவரைத் தள்ளும் விசையே இரத்த அழுத்தம். இதயம் சுருங்கும்போது மிகுவது மேல் அளவு. விரியும்போது குறைவது கீழ் அளவு. இவ்விசையை முதன்முதல் அளந்து காட்டியவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். அவர் உயிருள்ள ஒரு குதிரையைக் கட்டிக் கிடத்தி, அதன் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு நெடிய கண்ணாடிக் குழாயை இணைத்தார். இரத்தம் எட்டடிக்கும் மேலே ஏறி நின்றது. 1733-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில் இச்செய்தி உள்ளது. கட்டுண்டு கிடந்த அந்தக் குதிரையின் அச்சமும் அவ்வெட்டடியில் ஒரு பங்கு வகித்திருக்கும் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. பின்னர் 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி புயத்தில் பட்டை சுற்றி அளக்கும் பாதரசக் கருவியை அமைத்தார். 1905-இல் ருஷ்ய அறுவை மருத்துவர் கொரட்கோவ், பட்டையின் கீழே காதுக்குழலை வைத்துக் கேட்கும் முறையைக் கண்டார். இன்று பாதரசம் இல்லாத மின்கருவிகள் வீடுதோறும் பெருகிவிட்டன. ஆயினும் அளவை மட்டும் பாதரச மில்லிமீட்டரிலேயே சொல்லி வருகிறோம்.

நம் நாட்டு மருத்துவர்கள் 140/90 என்னும் அளவையும் அதற்கு மேற்பட்டதையும் உயர் இரத்த அழுத்தம் என்கின்றனர். மேல் அளவு 130 முதல் 139 வரையிலும், கீழ் அளவு 85 முதல் 89 வரையிலும் இருப்பின், அது எல்லையை ஒட்டிய நிலை. அமெரிக்க இதய மருத்துவர் சங்கங்களோ 2017-இல் கோட்டைக் கீழிறக்கி 130/80 என்று வகுத்தன. ஆகவே 134/82 உள்ள ஒருவர் சென்னையில் விமானம் ஏறும்போது நோயற்றவராகவும், நியூயார்க்கில் இறங்கும்போது நோயாளியாகவும் ஆகிவிடக்கூடும்! இது நகைப்பதற்குரியது மட்டுமன்று. இக்கோடு மனிதர் வசதிக்காகக் கிழித்தது. மாரடைப்பும் பக்கவாதமும் நேரக்கூடிய வாய்ப்பு கோட்டைத் தாண்டியதும் திடீரென்று தோன்றுவதில்லை. 115/75 அளவிலிருந்தே படிப்படியாக ஏறிக்கொண்டு வருகிறது. எல்லையில் நிற்பவர் அஞ்சி நடுங்கவும் வேண்டா. ஒன்றுமில்லை என்று உறங்கவும் வேண்டா.

இனி அச்சத்துக்கு வருவோம். 1983-இல் இத்தாலியில் மான்சியா என்பாரும் அவர் கூட்டத்தாரும் ஓர் ஆராய்ச்சி செய்தனர். நோயாளிகளின் தமனிக்குள்ளேயே நுண்குழாய் வைத்து அழுத்தத்தை இடைவிடாது பதிவு செய்துகொண்டிருந்தபோது, மருத்துவர் ஒருவரை அறைக்குள் அனுப்பினர். அவர் வந்த சில நிமிடங்களுக்குள் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி வரை உயர்ந்தது. பிறகு மெல்ல இறங்கியது. எல்லையில் நிற்பவருக்கு 27 புள்ளி என்பது எத்துணைப் பெரிய வேறுபாடு! இதனை வெள்ளை அங்கியின் விளைவு என்கின்றனர்.

மேற்சொன்ன நண்பர் தமிழாசிரியர். பல்லாண்டு என்னுடன் பணியாற்றியவர். நல்ல பேச்சாளர், நல்ல சாப்பாட்டாளர். ஓய்வு பெற்ற ஆண்டில் மருத்துவரிடம் காட்டியபோது 146/92 என்று வந்தது. எடை 88 கிலோ. ஒரு வாரம் வீட்டில் அளந்துகொண்டு வருமாறு மருத்துவர் பணித்தார். நண்பர் கருவி வாங்கினார். வாங்கியவர் ஒரு நாளில் பன்னிரண்டு முறை அளந்தார். ஒரு முறை கூடினால் அஞ்சி மறுமுறை அளப்பார். அஞ்சியதனால் அது இன்னும் கூடும். இரவில் உறக்கம் போயிற்று. உறக்கம் இல்லாத இரவில் அலமாரியில் இருக்கும் முறுக்கும் பிஸ்கட்டும் துணையாயின. நடந்தால் நெஞ்சு துடிக்கிறது, அது இதயத்துக்கு ஆகாது என்று தாமே முடிவு செய்து மாலை நடையை நிறுத்தினார். மூன்று மாதத்தில் எடை 92 ஆயிற்று. எடைப்பொறியில் ஏறுவதற்கு நாணி, மருத்துவரிடம் செல்வதையும் ஒத்திப்போட்டார். கவலை எடையை ஏற்ற, எடை அழுத்தத்தை ஏற்ற, அழுத்தம் கவலையை ஏற்ற, மூன்றும் செக்குமாடு போல ஒன்றையே சுற்றி வந்தன.

இதில் அவர் மன உறுதி இல்லாதவர் என்று நகைப்பதற்கு ஒன்றுமில்லை. அஞ்சும்போது உடலில் அட்ரினலின் சுரந்து இதயத்தை விரைவுபடுத்துகிறது. உறக்கம் குறைந்தால் பசி மிகுகிறது. அதுவும் இனிப்பையும் கொழுப்பையும் நாடும் பசி. வயிற்றில் சேரும் கொழுப்பு சிறுநீரகம் உப்பைத் தேக்கிக்கொள்ளும்படி செய்கிறது. உப்போடு நீரும் தேங்க, அழுத்தம் ஏறுகிறது. இவ்வளவும் உள்ளே நடந்துகொண்டிருக்க, பருத்தவரைப் பார்த்து “வாயைக் கட்டு” என்று ஊரார் சொல்லும் அறிவுரை அவரை இன்னும் ஒளிந்து உண்ணச் செய்கிறது. வகுப்பில் உடல் பருத்த மாணவனுக்குப் பட்டப்பெயர் சூட்டும் பழக்கம் உங்களுள் யாருக்கேனும் இருந்தால், இதனைச் சற்று நினைத்துப் பாருங்கள்.

மனத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உள்ள உறவை நம் நாட்டு மூலிகை ஒன்று முன்னரே காட்டியது. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேரைப் பித்துப் பிடித்தவர்க்கு நம் வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தனர். 1931-இல் சென், போஸ் என்னும் இருவர், மனநோய், உயர் இரத்த அழுத்தம் ஆகிய இரண்டுக்குமே அது பயன்படும் என்று எழுதினர். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், அழுத்தத்தை அது குறைப்பதை ஆங்கில மருத்துவ இதழில் வெளியிட்டபின் உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-இல் அதிலிருந்து ரெசர்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். ஆனால் அதை உண்டவருள் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு ஆளாயினர் என்ற செய்திகளும் வந்தன. பின்னர் நல்ல மருந்துகள் பல வந்தமையால் அது ஒதுங்கிவிட்டது. வேரைத் தேடி யாரும் காட்டுக்குப் போக வேண்டா.

நண்பருக்கு வழி பிறந்தது கருவியைக் கையாளும் முறையிலிருந்துதான். அவர் மகள் வற்புறுத்தி மீண்டும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். மருத்துவர் முதலில் பட்டையைப் பார்த்தார். நண்பரின் பருத்த புயத்துக்கு அது சிறியது. சிறிய பட்டை உள்ள அளவைவிட மிகுதியாகவே காட்டும். பெரிய பட்டை வாங்கச் சொன்னார். காப்பி அருந்தி அரை மணி ஆனபின், சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்களைக் குறுக்கே போடாமல் தரையில் ஊன்றி, கையை மார்பு உயரத்தில் மேசைமேல் வைத்து, ஐந்து நிமிடம் வாய் திறவாமல் இருக்க வேண்டும். பிறகு ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் இவ்வாறு ஏழு நாள் அளந்து, முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைக் காண வேண்டும். அதன்பின் கருவி அலமாரிக்குள் போய்விட வேண்டும் என்பது மருத்துவரின் கட்டளை. வீட்டு அளவுக்கு எல்லை 135/85. நண்பரின் சராசரி 137/86 என்று வந்தது. ஆக, அச்சம் பாதி, உண்மை பாதி.

அச்சத்தை அச்சமாகவே கருதி மனநல மருத்துவரிடமும் அனுப்பினர். சில மாதம் அவரிடம் பேசிப் பேசியே, நடக்கும்போது எழும் நெஞ்சுத் துடிப்பு ஆபத்தன்று என்பதை நண்பர் கற்றுக்கொண்டார். மாத்திரையைவிட இதுவே அவருக்குப் பேருதவி என்பது என் கருத்து. நடை மீண்டது, முதலில் பத்து நிமிடம், பிறகு நாற்பது. உப்பு விஷயத்தில் போராட்டம் பெரிது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி அளவுக்குள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயும் சேர்ந்த நம் இலையில் ஒரே வேளையில் அதன் பெரும்பகுதி இறங்கிவிடும். அவர் ஊறுகாயை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார். சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டினார். ஒரு கிலோ எடை இறங்கினால் மேல் அளவில் ஏறத்தாழ ஒரு புள்ளி இறங்கும் என்பது மருத்துவர்களின் பொதுக் கணக்கு. குறட்டையும் பகலுறக்கமும் மிகுந்தவர்க்கு உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் இருக்கலாம். அதுவும் அழுத்தத்தை ஏற்றும் என்பதால் அவரைச் சோதித்தும் பார்த்தனர். அது இல்லை.

ஓராண்டில் எடை 85 ஆயிற்று; வீட்டுச் சராசரி 131/82. சிலருக்கு இவ்வளவு செய்தும் இறங்காது. அவர்க்கு மருந்து வேண்டும், தொடர்ந்தும் வேண்டும். 180/120-க்கு மேல் காட்டி, அதனோடு நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ, பேச்சுக் குழறலோ, ஒருபக்கக் கை கால் தளர்ச்சியோ கண்டால், அமைதியாக அமர்ந்து மறுபடி அளந்துகொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இப்பொழுது நண்பருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளவை வாரம் வரும். அவர் பேத்தி ஒன்பதாம் வகுப்பு மாணவி. பட்டையைக் கட்டுவதும், கடிகாரத்தைப் பார்ப்பதும், குறிப்பேட்டில் எழுதுவதும் அவள் பொறுப்பு. எண்ணைத் தாத்தாவுக்குச் சொல்வதில்லை. ஏழாம் நாள் சராசரியை மட்டும் சொல்கிறாள். அந்த ஐந்து நிமிடம் அவரைப் பேசவிடாமல் வைத்திருப்பதுதான் கடினமான வேலை என்பது அவள் முறையீடு.