மருத்துவ ஆய்வும் குடவோலையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

இன்னும் சிறிது நேரத்தில் இசையும் நாடகமும் நிகழவிருக்கும் இம்மேடையில் நோயைப்பற்றிப் பேச வந்திருக்கிறோம், பொறுத்தருள வேண்டுகிறோம். ஊரிலிருந்து உறவினர் ஒருவர் பெரிய நோயுடன் மும்பைக்கு வருவதும், நம் இரண்டு அறை வீட்டில் அவருக்கொரு பாய் விரிப்பதும் நமக்குப் புதியனவல்ல. மருந்துக்குப் பணம், தங்க இடம், பேச மொழி ஆகிய மூன்றுக்கும் நம் குழு இயன்றதைச் செய்து வருகிறது. நான்காவதாக ஒன்று இருக்கிறது என்பதை ஒரு நிகழ்ச்சி எங்களுக்கு உணர்த்திற்று.

திருநெல்வேலிப் பக்கத்து அம்மையார் ஒருவர், மார்பகப் புற்றுநோய்க்காக நம் குடியிருப்பிலுள்ள தம்பி வீட்டிற்கு வந்து தங்கினார். நகரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்க்கும் நாளன்று, பல தாள்களோடு இன்னொரு தாளும் நீட்டப்பட்டது. ஓர் ஆய்வில் சேர இசைவு கேட்கும் தாள் அது. கணவர் கையெழுத்திட்டுவிட்டார். மாலையில் மைத்துனர் விசாரித்தபோது, "கேட்ட இடத்தில் போட்டேன் மாப்பிள்ளை. போடாவிட்டால் கட்டில் கிடைக்காமல் போய்விட்டால்?" என்றார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மையார், "அப்படியானால் என்னை எலியாக்கிவிட்டீர்களா?" என்று கேட்டார். உடன் சென்றிருந்த எங்களாலும் விடை கூற இயலவில்லை. நாங்களும் அத்தாளைப் படிக்கவில்லை என்பதே உண்மை.

அவ்வினாவிற்கு விடை தேடியதன் பயனே இவ்வுரை.

மருத்துவ ஆய்வு என்பது யாது? ஒரு நோய்க்கு இரண்டு வகைச் சிகிச்சைகள் உள்ளன. எது மேலானதென்று மருத்துவருக்கே உறுதியாகத் தெரியாது. அந்நிலையில் இசைவு தந்த நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு ஒன்றும் மற்றவர்க்கு மற்றொன்றும் அளித்து, ஆண்டுக்கணக்கில் கவனித்து முடிவு காண்கின்றனர். யார் எப்பிரிவில் சேர்வது என்பதை மருத்துவரும் தீர்மானிப்பதில்லை, நோயாளியும் தீர்மானிப்பதில்லை; குலுக்கலே தீர்மானிக்கிறது. "உயிர் விஷயத்தில் சீட்டுக் குலுக்கலா?" என்று நாம் திடுக்கிடுகிறோம். ஆனால் பத்தாம் நூற்றாண்டில், பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூர்ச் சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தது எவ்வாறு? தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாச் சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்தனர். வேண்டியவர் வேண்டாதவர் என்னும் சார்பு புகாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. மருத்துவர் தாமே பிரிப்பாராயின், தேறக்கூடியவரைத் தமக்குப் பிடித்த சிகிச்சைப் பக்கம் தம்மையறியாமலே சேர்த்துவிடக்கூடும். பின்னர் வென்றது மருந்தா, நோயாளியின் உடல்வலிவா என்று கூற இயலாது. ஆய்வின் குலுக்கலும் குடவோலையின் நீதியே.

இனி, இவ்வாய்வுகளை நடத்துவோர் யாவர்? மருந்து செய்து விற்கும் நிறுவனங்கள் நடத்துவன ஒருவகை. புதிய மருந்துகள் பல அவ்வழியே வந்தன, அதனைப் பழிப்பதற்கில்லை. ஆயினும் விற்பவருக்கு ஆதாயமில்லாத வினாக்கள் சில உண்டு. பழைய மலிவான மருந்து புதிய வேலைக்கு உதவுமா? குறைந்த அளவு மருந்தே போதுமா? இந்த அறுவை தேவைதானா? இவற்றைக் கேட்க வணிகர் முன்வரமாட்டார். பல்கலைக்கழகங்களும் பொதுப்பணத்தில் நடக்கும் மருத்துவ நிலையங்களுமே கேட்க வேண்டும். ஏழை எளியவர்க்கு மிகவும் வேண்டிய வினாக்களும் இவையே.

இதற்கு நம் சென்னையே முன்னோடியாக நின்றது. 1956-இல் சென்னை அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடிக் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் ஒன்றை அமைத்தன. அக்காலத்தில் காசநோய் என்றால் ஆரோக்கிய நிலையம், நல்லுணவு, மாதக்கணக்கான ஓய்வு என்பதே நியதி. நாட்டிலுள்ள நோயாளிகளுக்கு அத்தனை கட்டில்களுக்கு எங்கே போவது? ஆகவே இருநூறுக்குச் சற்றுக் குறைவான ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராரை நிலையத்திலும் மறு சாராரைத் தத்தம் நெருக்கடியான வீடுகளிலும் வைத்து, ஒரே மருந்துகளை ஓராண்டு அளித்தனர். முடிவு 1959-இல் வெளிவந்தது. வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர். உடன் வாழ்ந்தோர்க்கு அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவுமில்லை. உலகெங்கும் காசநோயாளிகள் குடும்பத்தைப் பிரியாமல் குணம்பெற வழிவகுத்த ஆய்வுகளுள் இது தலையாயது. அதற்குத் தம் உடலை ஒப்புவித்தோர் சென்னைச் சந்துகளில் வாழ்ந்த, பெயர் தெரியாத நம் மக்கள்.

நாம் வாழும் மும்பைக்கு வருவோம். 1941-இல் பரேலில் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனை, இன்று அணுசக்தித் துறையின்கீழ், ஹோமி பாபா தேசிய நிறுவனம் என்னும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இயங்குகிறது. அங்கிருந்து தலைமையேற்று நடத்திய ஆய்வுகளுள் சிலவற்றைக் கேளுங்கள்.

பல் பிடுங்குமுன் ஈறு மரத்துப்போகப் போடும் ஊசி நம் எல்லோர்க்கும் தெரியும். லிக்னோகெயின் என்பது அம்மருந்தின் பெயர், மிக மலிவானது. மார்பக அறுவைக்குச் சில நிமிடங்களுக்கு முன் அதனைக் கட்டியைச் சுற்றிச் செலுத்தினால், அறுவையின்போது நோய் பரவுவது குறையுமா என்று நாட்டின் 11 மருத்துவமனைகளில் ஆராய்ந்தனர். 1,583 பெண்களைப்பற்றிய முடிவு 2023-இல் வெளியாயிற்று. ஐந்தாண்டுகளுக்குப்பின் உயிருடனிருந்தோர், ஊசி பெறாதவருள் நூற்றுக்கு 86.4, பெற்றவருள் 90.1. இம்மருந்தால் எந்த வணிகருக்கு இலாபம்? ஒருவருக்குமில்லை. ஆகவேதான் இதனைப் பொது நிறுவனமே செய்யவேண்டியிருந்தது.

வாய்ப்புற்றுநோயின் தொடக்க நிலையில் கழுத்துக் கணுக்களையும் அப்போதே நீக்குவதா, பின்னர் நோய் தோன்றினால் நீக்குவதா என்பது நெடுநாளைய வழக்கு. 2015-இல் தீர்ப்புக் கிடைத்தது. மூன்றாண்டு உயிர்வாழ்ந்தோர் அப்போதே நீக்கியவருள் நூற்றுக்கு 80, காத்திருந்தவருள் 67.5. அதே ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வு, நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவிவிட்ட பின் மார்பகத்தை நீக்குவதால் ஆயுள் நீள்வதில்லை என்று காட்டிற்று. 350 பெண்கள் அதில் பங்குகொண்டனர். ஒரு வேதனையை வேண்டாமென்று விலக்குவதும் மருத்துவத்தின் வெற்றியன்றோ?

விலையுயர்ந்த மருந்தைப்பற்றியும் ஒன்று. நிவோலுமாப் என்னும் மருந்தை வழக்கமான அளவில் வாங்க நம்மவருள் பெரும்பாலோர்க்கு இயலாது. அதில் பத்தில் ஒரு பங்கினும் குறைவாக, 20 மில்லிகிராம் மட்டும், முற்றிய தலை கழுத்துப் புற்றுநோயாளர்க்கு மற்ற மருந்துகளோடு சேர்த்தளித்தனர். ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் நூற்றுக்கு 16.3 என்பதிலிருந்து 43.4 ஆயினர். 2023-இல் அச்சேறிய செய்தி இது.

நிற்க. நன்மையை மட்டும் கூறி அமர்ந்தால் நாங்கள் உங்களுக்கு உண்மை உரைத்தவராகோம்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கி, ஏறக்குறைய 80,000 பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றுநோய்பற்றி ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சிபெற்ற செவிலியர், வினிகரிலுள்ள அமிலத்தை நீர்த்த நிலையில் தடவிக் கண்ணால் பார்த்தே நோயின் தொடக்கத்தைக் கண்டுபிடித்தனர். அச்சோதனை பெற்ற ஊர்களில் இந்நோயால் நேர்ந்த மரணம் நூற்றுக்கு 35 குறைந்தது என்று 2007-இல் அறிவிக்கப்பட்டது. மகிழத்தக்க முடிவே. ஆனால் ஒப்பிடுவதற்காகச் சோதனையின்றி விடப்பட்ட ஊர்களின் பெண்கள்? 'ஏதேனும் ஒரு சோதனை பயன்தரும் என்று முன்பே தெரிந்திருக்க, ஒரு பகுதியினர்க்கு அதனை அளிக்காமல் இருந்தது அறமா?' என்று இத்தகைய இந்திய ஆய்வுகளைக்குறித்து அறிஞர் சிலர் வினவினர். 'அந்நாளில் அவ்வூர்களில் எவர்க்குமே எச்சோதனையும் கிடைக்கவில்லை' என்பது ஆய்வாளர் விடை. இவ்வழக்கு முற்றும் தீர்ந்ததென்று நாங்கள் கூறமாட்டோம்.

2009-இல் கம்மம் மாவட்டத்தில் பள்ளிச் சிறுமியர்க்கு அந்நோய்த் தடுப்பூசியைப் போட்டுப் பார்க்கும் திட்டம் ஒன்று நடந்தபோது, பெற்றோர் கையொப்பத்திற்குப் பதிலாக விடுதிக் காப்பாளரின் கையொப்பமே பல தாள்களில் இருந்தது. திட்டம் 2010-இல் நிறுத்தப்பட்டது; 2013-இல் நாடாளுமன்றக் குழுவும் கண்டித்தது. பிறர் இட்ட கையொப்பம் இசைவாகாது என்பதே அதன் பாடம். எங்கள் திருநெல்வேலி அம்மையாரின் தாளிலும் அவர் கையெழுத்து இல்லையே!

இத்தகைய அனுபவங்களால் சட்டம் இறுகியிருக்கிறது. 2009 ஜூன் முதல், மருந்து ஆய்வு எதுவாயினும் தேசியப் பதிவேட்டில் முன்னதாகப் பதியவேண்டும். அப்பதிவேட்டை எவரும் பார்க்கலாம். 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருத்தல் வேண்டும். அவருள் சட்டம் அறிந்தவரும், பெண்மணி ஒருவரும், மருத்துவம் சாராத பொதுமகன் ஒருவரும் இடம்பெற வேண்டும். பாதிப்பேராவது அந்நிறுவனத்தைச் சாராதவராக இருத்தல் வேண்டும்.

ஆகவே, தாள் நீட்டப்படும்போது அஞ்சவும் வேண்டா, அவசரப்படவும் வேண்டா. ஐந்து வினாக்களைக் கேளுங்கள். முதலாவது, இவ்வாய்வு எதனை அறியப் போகிறது? இரண்டாவது, இதில் சேராவிட்டால் எனக்குக் கிடைக்கும் வழக்கமான சிகிச்சை யாது? மூன்றாவது, எத்தனை முறை வரவேண்டும், செலவு யாருடையது? நான்காவது, ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தருவோர் யார்? ஐந்தாவது, இது எங்கே பதியப்பட்டிருக்கிறது? விடையைத் தமிழில் கேட்பது உங்கள் உரிமை. எழுதப் படிக்கத் தெரியாதவர்க்குச் சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பதும் விதி. சேர்ந்தபின் எப்போது வேண்டுமாயினும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை குறைதல் கூடாது.

அம்மையாரின் கதையை முடிக்கவில்லை. மறுநாள் நாங்கள் அவரோடு சென்றோம். தாள் முழுவதையும் வரிவரியாகத் தமிழில் சொல்லக் கேட்டு, மருத்துவரிடம் அவரே வினாக்களை எழுப்பினார். ஓராண்டுக்கு மூன்று வாரத்திற்கொருமுறை வரவேண்டும் என்று தெரிந்தது. "ஊரில் என் மகள் பேறுகாலத்திற்குக் காத்திருக்கிறாள். என்னால் ஆகாது ஐயா" என்றார். ஆய்வுகளின் பெருமையை வழிநெடுகப் பேசிச் சென்ற எங்களுக்குச் சற்று ஏமாற்றந்தான். மருத்துவரோ, "சரி அம்மா" என்று கூறி, வழக்கமான சிகிச்சைக்கு எழுதிக்கொடுத்தார். கட்டில் மாறவில்லை, மருத்துவர் மாறவில்லை, முகமும் மாறவில்லை. மறுக்க இயன்றவரை எவரும் எலியாக்க முடியாது என்பதை அன்றே அறிந்தோம். 'இல்லை' என்று சொல்லத் தடையில்லாத இடத்தில்தான் 'ஆம்' என்பது கொடையாகிறது.

விடைபெறும்போது அவர் தம் தம்பியிடம், "இந்தத் தாளைக் கிழித்துவிடாதே தம்பி, அடுத்து வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டு" என்றார். அத்தாள் இன்று எங்கள் குழுவின் கோப்பில் இருக்கிறது.

அன்பர்களே! இந்தியும் ஆங்கிலமும் மராத்தியும் அறிந்த இளைஞர் நம் குடியிருப்பில் பலர் உள்ளனர். ஞாயிறுதோறும் நூலகத்தில் இரண்டு மணி நேரம் அமர்ந்து, அத்தகைய தாள்களைப் படித்துத் தமிழில் சொல்ல அவர்கள் முன்வரவேண்டும். இதற்குப் பணம் வேண்டா, பொறுமை போதும். சேருங்கள் என்றோ சேராதீர்கள் என்றோ நாம் சொல்லலாகாது. விளங்கச் சொல்வதே நம் பணி. அதன்பின் கையெழுத்திடுவதோ, மறுப்பதோ, நோயுற்றவரே தாமாகச் செய்யட்டும்.

பெயர் கொடுக்க விரும்புவோர் விழா முடிந்ததும் எங்களைச் சந்திக்க வேண்டுகிறோம்.