மழைக் கந்தோர்ப் பிள்ளைகள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



வைத்தியர் பேசுகிறார் என்றதும் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மேசையில் இருக்கும் மஸ்கற்றைப் பார்த்தால் அதற்கும் தேவை இருக்கிறது. ஆனால் கல்லூரி நாட்களைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டபோது முதலில் நினைவுக்கு வந்தது எமது பட்டப்பெயர்தான். மட்டக்களப்பு வானிலை நிலையத்தில் வேலை செய்த மூவரின் பெண்பிள்ளைகள் ஐந்து பேர் ஒரே காலத்தில் இங்கே படித்தோம். எம்மை எல்லோரும் மழைக் கந்தோர்ப் பிள்ளைகள் என்றே அழைத்தார்கள்.

மழை பெய்தாலும் குற்றம், பெய்யாவிட்டாலும் குற்றம். ஒருமுறை இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முதல்நாள், "அப்பாவிடம் கேட்டு வாரும்" என்று எம்மில் ஒருவரை ஆசிரியை அனுப்பினார். மழைக்கு இடமுண்டு என்று பதில் வந்தது. போட்டி ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் கொளுத்திய வெயிலில் சீருடையுடன் வகுப்பில் இருந்தவர்கள் எம்முடன் ஒரு வாரம் பேசவில்லை. அவர்களில் சிலர் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள்.

உண்மையில் எமது அப்பாமார் எதிர்வு கூறுபவர்கள் அல்லர். எதிர்வு கூறுவது கொழும்பில். 1907இல் அவதான நிலையமாகத் தொடங்கி, 1948இல் தனித் திணைக்களமானது அது. எமது அப்பாமார் அவதானிகள், அளந்து அனுப்புபவர்கள். முற்றத்தில் வெள்ளை அடித்த ஸ்டீவன்சன் பெட்டி, அதற்குள் உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகள், வெளியே மழைமானி, சுவரில் இரசப் பாரமானி. முகிலை எட்டில் எத்தனை பங்கு என்று கண்ணால் பார்த்து எழுதவேண்டும். எல்லாம் ஐந்தைந்து இலக்கங்களாக மாறிக் கொழும்புக்குப் போகும். மட்டக்களப்பின் நிலைய இலக்கம் 43436. அது எங்கள் வீட்டு இலக்கம் என்று சின்ன வயதில் நம்பியிருந்தோம். எமக்குப் பிடித்தது கண்ணாடி உருண்டைதான். சூரிய ஒளியைக் குவித்து, கீழே இருக்கும் அட்டையில் கருகிய கோடு போடும். மாலையில் அந்த அட்டையை முதலில் யார் பார்ப்பது என்று சண்டை பிடிப்போம். மார்கழியில் பல நாட்கள் கோடே இருக்காது.

கடற்றொழிலாளருக்கு வாடை, கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயருண்டு. அப்பாவுக்கு அது பாகை மட்டும்தான். ஆனால் மலைநாட்டைத் தாண்டி வரண்டு வந்து முகத்தைச் சுடும் கச்சானை வீட்டில் அவரும் கச்சான் என்றுதான் திட்டுவார்.

அவதான நேரம் காலை 5.30, 8.30, 11.30 என்று மூன்று மணிக்கு ஒருமுறை வரும். கிறீன்விச் நேரத்தில் அது 0, 3, 6. உலகம் முழுவதும் ஒரே கணத்தில் வானத்தைப் பார்க்கவேண்டும் என்பதற்காக அப்படி. 1996 மே மாதம் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அரைமணி பின்னே இழுத்தது. வானத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாதே! 8.30 முதலில் 9.30 ஆகி, பிறகு 9 மணியானது. 2006 ஏப்ரல் வரை எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு மணிக்கூடுகள் தொங்கின.

இந்த வேலை வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்பதை அம்மாமாரிடம்தான் கேட்கவேண்டும். இரவுக் கடமை முடிந்து பகலில் உறங்கும் மனிதருக்காக நாம் சத்தமின்றி விளையாடப் பழகினோம். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் லீவு என்ற பேச்சே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வந்த கலியாணங்களுக்கெல்லாம் அம்மா தனியாகவே போனார். திருகோணமலை, மன்னார், அம்பாந்தோட்டை என்று இடமாற்றம் வரும்போது அப்பாமார் தனியே போய்ச் சமைத்துச் சாப்பிட்டார்கள். இந்தக் கல்லூரியை விட்டு எம்மை எடுக்க அம்மாமார் சம்மதிக்கவில்லை. யுத்த காலத்தில், இரவு அவதானம் இருந்த நாட்களில், டோர்ச்சுடன் முற்றத்தில் இறங்குவதே பயம். வெளிச்சத்தை யார் எப்படி எடுத்துக்கொள்வார்களோ! கையால் பாதி மறைத்துக்கொண்டுதான் வெப்பமானியை வாசித்ததாகச் சொல்வார்கள்.

1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியை எம்மில் பலர் கேட்டுத்தான் அறிந்திருக்கிறோம். 900க்கு மேற்பட்டோர் இறந்தார்கள், தென்னந்தோப்புகள் முறிந்து விழுந்தன. அன்று அப்பா கடமையில். பாரமானி விழ விழ எழுதிக்கொண்டிருந்தார். அம்மா கைக்குழந்தையுடன் அயல்வீட்டு மேசைக்குக் கீழே. மறுநாள் மதியம் விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்துவந்து, "பிள்ளை எங்கே?" என்றாராம். அம்மா இரண்டு நாள் பதில் பேசவில்லை. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நாம் இன்றும் நினைக்கிறோம். நாமும் எமது பிள்ளைகளைக் காய்ச்சலுடன் வீட்டில் விட்டுவிட்டு வார்ட்டில் அடுத்தவர் பிள்ளையின் காய்ச்சலை அளந்துகொண்டு நின்றிருக்கிறோம். அந்த நேரத்தில் எமக்கு எந்தப் பெருமையும் தோன்றியதில்லை.

2004 டிசம்பர் 26ஐ இந்த மண்டபத்தில் விபரிக்கத் தேவையில்லை. எமது வகுப்பிலேயே இழப்பில்லாதவர் குறைவு. சில நாட்களின் பின் ஒரு தாய் நிலையத்தின் வாசலுக்கு வந்தார். இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர். "கந்தோரில இருந்து என்னத்தப் பார்த்தீங்க ஐயா? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்று கேட்டார். பாரமானி காற்றின் அழுத்தத்தை அளக்கும், கடலடி நிலநடுக்கத்தை அல்ல. அன்று காலை அதில் பார்ப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. அப்பாவுக்கு இந்த விளக்கம் எல்லாம் தெரியும். ஆனால் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். "விளக்கம் சொல்லும் இடமா அது?" என்று எம்மிடம் ஒரேயொரு தடவை சொன்னார். வார்ட்டில் ஓர் உறவினர் எம்மைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும், எமது வாய் விளக்கத்துக்குத்தான் முந்துகிறது. அவரைப்போல நிற்க இன்னும் பழகவில்லை.

அந்த அனர்த்தத்தின் பின்னர் நாட்டின் சுனாமி எச்சரிக்கைப் பொறுப்பு வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு வந்தது. பத்திரிகையில் அதைப் படித்துவிட்டு, "இனி அந்தப் பிள்ளை வந்து கேட்டால் கேட்பது சரி" என்றார். மகள் வயதுடைய அந்தத் தாயைத்தான் பிள்ளை என்றார்.

எம் ஐவரில் இருவர் ரொறன்ரோவில், ஒருவர் இங்கேயே ஆசிரியை. இன்னொருவர் கொழும்பில், அப்பாமார் அளந்து அனுப்பிய இலக்கங்கள் போய்ச் சேர்ந்த அதே திணைக்களத்தில். கடமை நாள் என்பதால் இன்று வரமுடியவில்லை. காலையில் செய்தி ஒன்று அனுப்பியிருக்கிறார், அப்படியே வாசிக்கிறோம்: "கிழக்கு மாகாணத்தில் சில இடங்களில் பி.ப. 2.00 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை பெய்யும் சாத்தியம் காணப்படுகின்றது. குடை எடுத்துப் போங்கடி."

மெய்வல்லுநர் போட்டியை மறக்காதவர்கள் உங்கள் விருப்பப்படி செய்யுங்கள். நாம் குடை கொண்டுவந்திருக்கிறோம்.